பச்சை அத்தை மீது ஒரு புகார்

கனியமுதுக்கு வீட்டில் எடை இரண்டரைக் கிலோ. சுழல்வீட்டுக்குள் போனதும் பதினைந்து கிலோ ஆகிவிடுவாள். மூன்றரை வயதுக்கு அதுதான் சரியான எடை. அதனால் நிலவின் தென்முனைக் குடியிருப்பில் இருந்த எல்லா அம்மாக்களையும் போலச் சந்தனமாரியும் தினமும் காலை ஆறரை மணிக்குத் தன் மகளை எடை ஏற்றிக்கொள்ள அனுப்பிவைத்தாள்.

நிலவில் பிறந்த குழந்தைகளின் எலும்பு தானாகக் கெட்டிப்படாது. தாங்குவதற்குப் பாரம் இருந்தால்தான் அது தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும். அதற்காகவே குன்றைக் குடைந்து, ராட்டினம் போல ஓயாமல் சுற்றும் பெரிய வளையம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் நின்றால் பூமியில் நிற்பதுபோல இருக்கும். ஐந்து வயது முடியும்வரை தினம் எட்டு மணி நேரம் அங்கே இருந்த பிள்ளைகள் பிறகு ஓடினார்கள், குதித்தார்கள். இடையில் நின்றுபோனவர்களின் கால்கள் வளைந்தன. குடியிருப்பில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் நடந்து போகும்போது அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வசதியுள்ளவர்கள் சுழல்வீட்டில் விலை கொடுத்து இடம் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு மழலைத் துணைச் சட்டம் இருந்தது. அதன் நோக்கங்கள் இரண்டையும் குடியிருப்பில் பார்க்கும் சுவரிலெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எந்தக் குழந்தையும் பெற்றோரின் வறுமையால் எடை இழக்கக் கூடாது. எந்தப் பெற்றோரும் குழந்தையின் பொருட்டு வேலை இழக்கக் கூடாது. கீழே சின்ன எழுத்தில் விதிகள். தாயும் தந்தையும் வேலையில் இருந்தால்தான் அரசு இடம் கிடைக்கும். வேலை என்றால் என்ன என்று நான்காவது விதி விளக்கியது. தன் சொந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை ஆகாது.

அதைப் படித்து யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. மாரியும்தான்.

"ஏட்டி, காலை நீட்டு. நேரமாச்சு."

"நானே மாட்டுவேன்."

"நீ மாட்டி முடிக்கிறதுக்குள்ள கதவை அடைச்சிருவான். குடு இங்க." மாரி செருப்பைப் பிடுங்கி, மகளின் காலை இழுத்து வாரை மாட்டினாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் திறக்கும் இருபது நிமிடத்தில் எட்டு போயிருந்தது. கணவன் முத்தரசு பனி வெட்டும் குழியில் வேலையில் இருந்தான். இருபது நாள் அங்கே, ஐந்து நாள் வீட்டில்.

"பச்சை அத்தை பாத்துக்கிட்டே இருக்கும்," என்றாள் கனி.

"என்னத்தை?"

"நான் செருப்பு மாட்டுறதை. பேசாம பாத்துக்கிட்டே இருக்கும். நீதான் புடுங்குற."

மாரி மற்றக் காலையும் இழுத்து மாட்டினாள். வாரை ஒரு துளை அதிகமாக இறுக்கிவிட்டாள் என்பது பாதி வழியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

சுழல்வீட்டு வாசலில் தாதி இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு நிறப் பட்டை. பச்சைப் பட்டை கட்டிய இயந்திரம் கைகளை நீட்டியதும் கனி அதன்மேல் பாய்ந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அது வெறும் இயந்திரம்தான். ஏழு மணிக்குத்தான் அதற்குள் ஒரு மனுஷியின் கைகள் வந்து சேரும்.

அந்தக் கைகள் யாருடையவை என்று அறிய மாரிக்கு வழியில்லை. யாருக்கும் இல்லை. நிலவில் சில வருடங்கள் வாழ்ந்துவிட்ட பெரியவர்கள் சுழல்வீட்டுக்குள் போனால் கால் மணி நேரத்தில் மயங்கி விழுவார்கள். இதயம் அந்தப் பாரத்தை மறந்திருக்கும். குழந்தைகளை முழுக்க இயந்திரத்திடம் விடவும் சட்டம் ஒப்பவில்லை. அதனால் மூன்று தெரு தள்ளி, கையுறைக் கூடம் என்று ஒன்று இருந்தது. அங்கே இருநூறு பெண்கள் முழங்கை வரை நீண்ட கையுறைகளை அணிந்து, சுழல்வீட்டின் உள்ளே நடப்பதைக் காட்டும் கண்மூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையை நீட்டினால் உள்ளே இயந்திரம் கையை நீட்டும். உள்ளே ஒரு பிள்ளை விரலைப் பிடித்தால் இங்கே அவர்களுக்கு விரல் சுடும்.

சந்தனமாரியும் அந்த இருநூறு பேரில் ஒருத்தி. தாதி ஐம்பத்திரண்டு. ஆறு மாதமாக அவள் பார்த்துக்கொண்ட பிள்ளையின் எண் பதினான்கு.

முன்பொரு காலத்தில் ஒரு தாதி தன் தங்கை மகனுக்கு மட்டும் கூடுதலாகப் பழம் கொடுத்துவிட்டாளாம். விசாரணை நடந்தது. அதிலிருந்து முகத்திரை வந்துவிட்டது. தாதியின் கண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொம்மை முகத்தோடு, ஒரே உடுப்போடு தெரிந்தார்கள். குரலும் மாற்றப்பட்டது, இருபுறமும். பிள்ளை தன் பெயரைச் சொன்னால் காதில் எண்தான் விழும். அந்த எண் பெற்றோருக்குத் தெரியாது. தன் இயந்திரத்தின் பட்டை என்ன நிறம் என்பதுகூடத் தாதிக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாதி என்று பிரிக்கும் கணினிக்கும் பெற்றோரின் பெயர் கொடுக்கப்படவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாமலிருந்தால் யாரும் தவறு செய்ய முடியாது என்று நினைத்தார்கள்.

ஆனாலும் பதினான்கை மாரிக்குப் பிடித்திருந்தது. முகம் இல்லாத ஒரு பிள்ளையை இவ்வளவு பிடிப்பது எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை. அது செருப்பு வாரோடு மல்லுக்கட்டும்போது காத்திருப்பாள். விதிமுறைப் புத்தகம் அப்படித்தான் சொல்லியது, இருநூறு தாதிகளும் காத்திருக்கத்தான் செய்தார்கள். ஆனால் காத்திருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. அந்தக் கூடத்தில் அடுப்பு இல்லை. குழாய் அடைபடாது. எட்டு மணி நேரமும் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு பிள்ளையோடு இருப்பது. வீட்டுக்குப் போகும் வழியில் அதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வரும். பெற்றவளுக்குக் கொடுக்காத பொறுமையை எவளோ பெற்ற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேனே என்று மனது அடித்துக்கொள்ளும்.

"ஏட்டி மாரி, அந்தப் பாட்டை ஒண்ணு முடி, இல்ல விடு," என்றாள் பக்கத்து இருக்கை ரோசலின். இருவரும் தூத்துக்குடிப் பக்கம். "தினமும் பாதியிலயே தொங்க விடுற. எனக்குத் தலை வலிக்கு."

"நான் எங்க பாடினேன்?"

"சரிதான். குறட்டை விடுறவன் என்னைக்காவது ஒத்துக்கிட்டானா?"

மாரி சிரித்துவிட்டுக் கைகளை நீட்டினாள். பதினான்கு அதில் தலையை வைத்துக்கொண்டது.

அன்று மாலை கனி கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். நிலவில் கஞ்சி சட்டென்று சிந்தாது. உருண்டை உருண்டையாக மெல்ல மேலே எழும்பி, நிதானமாகச் சுவரெல்லாம் ஒட்டும். துடைக்கத் தண்ணீர் கிடையாது. மாரி மகளின் கையில் ஒன்று வைத்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் கனி அழவில்லை. அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"பச்சை அத்தை அடிக்காது. நான் அங்கயே இருந்துக்கிறேன்."

பிறகு மூலையில் போய் உட்கார்ந்து எதையோ முனகினாள். சுருதியில்லாமல் ங்ங் என்று நாலைந்து தடவை இழுத்து, சட்டென்று நிறுத்தி, காத்திருந்தாள். அதற்கு மேல் தெரியவில்லை போலிருக்கிறது. முகம் கோணியது. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் மாரி புகார்ப் பெட்டியின் முன்னால் நின்று பேசினாள். பேசுவதை அது எழுதிக்கொள்ளும். புகார் எண் தவிர யார் பெயரும் வராது. முத்தரசு முந்தைய நாள் அழைப்பில், "நல்லாப் பாத்துக்கிறாள்னு ஒருத்தி மேல புகார் குடுப்பியா நீ?" என்று கேட்டிருந்தான். இருபது நாளைக்கு ஒருமுறை வருகிறவனுக்கு மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டு நாள் கழித்து, பகல் இடைவேளையில் கூடத்தின் மேற்பார்வையாளர் தணிகைவேலன் மாரியின் இருக்கைக்கு வந்தார். முகத்தைச் சுருக்கி வைத்திருந்தார்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கும்மா. படிச்சுக் காட்டணும்னு விதி. என் பதினோரு வருஷத்துல இப்படி ஒரு புகாரைப் பாத்ததில்ல, அதையும் சொல்லிடறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'என் மகள் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தில் வேறு யாரையோ தேடுகிறாள். அந்தத் தாதி அடிக்க மாட்டாளாம், பிடுங்க மாட்டாளாம். ஏதோ ஒரு பாட்டை முனகிப் பாதியில் நிறுத்திவிடுகிறாள் போல. பிள்ளையும் வீட்டில் அதே இடத்தில் நிறுத்திவிட்டு அழுகிறது...'"

"அப்பவே சொன்னேன்லா!" என்று ரோசலின் கண்மூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தாள். "முடிச்சுத் தொலைன்னு."

மாரி சிரிக்கவில்லை. அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"'அந்தப் பெண் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவளா, பறித்துக்கொள்ள வந்தவளா? தயவுசெய்து அவளை மாற்றிவிடுங்கள்.' அவ்வளவுதான்." தணிகைவேலன் தாளை மடித்தார். "ஐம்பத்திரண்டு, நீங்க ஒரு தப்பும் பண்ணல. ஆனா பெத்தவங்க கேட்டா மாத்தியாகணும். சாயங்காலத்துக்குள்ள அவங்களே வாபஸ் வாங்கினாலொழிய நாளையிலருந்து உங்களுக்கு வேற பிள்ளை. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. பதினாலைப் பாத்துக்கோங்க."

அவள் கண்மூடியை மாட்டிக்கொண்டாள். கைகளை நீட்டினாள். பொம்மை முகம் அவளை அண்ணாந்து பார்த்தது. எப்போதும் போல ஒரே புன்னகை, ஒரே கண்கள். அதன் பின்னால் ஒரு பிள்ளை மூன்றரை வருடமாகப் பழகிய தன் முகத்தோடு நின்றுகொண்டிருந்தது.

தலையைத் தேவையின்றித் தொடக் கூடாது என்பது விதிமுறை. மாரி ஒரு விரலை மட்டும் நீட்டி, இடது காதின் பின்புறம் தடவினாள். கடுகளவு மேடு ஒன்று அங்கே இருந்தது. கனி பிறந்த அன்று மருத்துவச்சி காட்டி, ஒன்றும் செய்யாது என்று சொன்ன மேடு.

"கூசுது," என்றது பதினான்கு.

இந்த ஆறு மாதமும் பறித்துக்கொண்டது யார், பறிகொடுத்தது யார் என்று மாரியால் யோசிக்க முடியவில்லை. வீட்டில் தன்னிடமிருந்து தப்பித்து ஓடிவந்த பிள்ளையை, தானே இங்கே மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கனி தேடியது வேறு ஒருத்தியை அல்ல. அடுப்பும் குழாயும் இல்லாத இவளைத்தான்.

முதலில் வந்த சந்தோஷத்தின் முதுகிலேயே பயமும் வந்தது. நான்காவது விதி. தன் சொந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை ஆகாது. இது வெளியே தெரிந்தால், ஆறு மாதமாக அவள் எந்த வேலையும் செய்யவில்லை என்று ஆகும். தாய் வேலையில் இல்லாத வீட்டுக்கு அரசு இடம் இல்லை. கனிக்கு ஐந்து வயது முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வளைந்த கால்களோடு நடந்து போகும் அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் ஓட்டமாக நலத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அங்கயற்கண்ணி என்ற அதிகாரி இருந்தார். நரைத்த தலை, முழங்காலில் ஒரு கம்பளித் துண்டு. அவருடைய அறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். ஒன்று பெற்றோருக்கு, மற்றது தாதிகளுக்கு. இரு தரப்பும் சந்திக்கக் கூடாது என்பதால் வாசல்களும் வேறு தெருக்களில் இருந்தன. நடுவில் சுழல் நாற்காலியில் அவர் ஒருவர்தான். மாரி பெற்றோர் ஜன்னலில் போய் நின்றாள்.

"எதுக்கு வாபஸ் வாங்கறீங்க?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் மேடம்."

"யாரை?"

"அந்தத் தாதியை," என்றாள் மாரி.

அதிகாரி புகாரின் எண்ணையும் தாதியின் எண்ணையும் திரையில் தட்டினார். ஊரிலேயே பெற்றோரின் பெயரும் தாதியின் பெயரும் ஒன்றாகத் தெரியும் திரை அது ஒன்றுதான். தட்டிய விரல் அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். மாரியைப் பார்த்தார். மறுபடி திரை. மாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கயற்கண்ணி எழுந்து, சுவரில் இருந்த சட்டத்தின் நோக்கங்களிடம் போனார். இருபது வருடமாக அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர், இப்போது விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளையோட எலும்பு எப்படி இருக்குன்னு பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. அம்மாவும் ஒரு நாள்கூட லீவு போடாம வேலைக்குப் போறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நோக்கம் ரெண்டும் ஒழுங்காத்தான் நடக்குது. விதி ஒண்ணுதான் நடக்கல."

"மேடம்..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதியாகணும்." ஒரு படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. தாதியோட சம்மதமும் வேணும். அவங்களை அந்தப் பக்கத்து ஜன்னலுக்குக் கூப்பிடறேன். நீங்க போகலாம்."

மாரி விழித்தாள்.

"போங்கம்மா. சுத்திக்கிட்டுப் போகணும். பின் தெருவுல வாசல்."

புரிந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலவில் அது சுலபம்தான். சந்தைத் தெருவைச் சுற்றி, பின் தெருவில் நுழைந்து, மறு ஜன்னலுக்கு வந்தாள். அங்கயற்கண்ணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, முன்பின் பார்த்திராதவரைப் போல நிமிர்ந்தார்.

"தாதி ஐம்பத்திரண்டா? உக்காருங்க. உங்க மேல புகார் குடுத்த அம்மா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. வாபஸ் வாங்கறாங்க. சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"அவங்க மேல உங்களுக்கு வருத்தம் ஏதாவது? படிவத்துல கேட்டிருக்கு."

மாரி வாயைத் திறந்தாள். நினைத்ததைவிட அதிகமாக வார்த்தைகள் வந்தன.

"இல்ல மேடம். அவங்களுக்கு வீட்டுல கை ஒத்தாசைக்கு யாரும் இல்ல போல. தண்ணி இருபது நிமிஷம்தான் வரும். களைச்சுப் போயிருப்பாங்க. அதான் கையை ஓங்கிட்டாங்க. புள்ள மேல உசிரு இல்லாம இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "நல்ல அம்மாதான் மேடம். கொஞ்ச நேரம் கிடைச்சா போதும் அவங்களுக்கு."

அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் மெதுவாக எழுதிக்கொண்டார்.

"அவங்க இங்க நின்னு சொல்லாட்டியும்," என்றார் தலை தூக்காமல், "அவங்களுக்கும் உங்களைப் பத்தி இதே எண்ணம்தான் இருக்கும்னு நினைக்கிறேன். போயிட்டு வாங்க."

அதன் பிறகு வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. குழாய் அதே இருபது நிமிடம்தான் திறந்தது. ஆனால் காலையில் செருப்பு மாட்டும் நேரத்தில் மாரி அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆறிப்போன கஞ்சியைச் சில நாள் குடித்தார்கள். ஒருநாள் கனி வாரைத் துளையில் நுழைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நீ பச்சை அத்தை மாதிரியே பாக்கிற."

"அப்படியா?"

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவங்கதான்," என்றாள் மாரி. அன்றைக்கு அவள் தன் முனகலைத் தானே கேட்டாள். தூத்துக்குடியில் சின்ன வயதில், தண்ணீர் லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் வரும்போது பாடும் இசை. லாரி நின்றதும் அதுவும் நின்றுவிடும். எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மீதிப் பாட்டை அவளும் கேட்டதில்லை.

ஆறு மாதம் கழித்து நலத்துறையின் ஆண்டறிக்கை வந்தது. அரசு இடத்தில் வளரும் பிள்ளைகளில் எண் பதினான்கு எலும்பிலும் பேச்சிலும் முதலாவதாக இருந்தது. அதற்குக் காரணம் தாதி ஐம்பத்திரண்டின் பயிற்சி பெற்ற கவனிப்பு என்று அறிக்கை சொன்னது. பயிற்சி இல்லாத தாய்மார்கள் வீட்டில் செய்யும் தவறுகளைக் களைய, அரசு இடம் பெற்ற எல்லா அம்மாக்களும் ஒரு நாள் வகுப்புக்கு வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வராவிட்டால் இடம் ரத்து.

மாரி போனாள். திரையில் ஒரு ஜோடி கைகள் பொம்மை முகப் பிள்ளை ஒன்றின் எதிரில் மடங்கிக் கிடந்தன. பிள்ளை வாரோடு போராடியது. கைகள் அசையவே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் வகுப்பெடுத்தவர். "எவ்வளவு பொறுப்பு! வேலைன்னு வந்துட்டா இப்படித்தான் இருக்கணும். வீட்டுல இருக்கும்போது நம்மால ஏன் இது முடியறதில்ல? யோசிச்சுப் பாருங்க."

அம்மாக்கள் குற்ற உணர்ச்சியோடு தலை குனிந்து யோசித்தார்கள்.

"யாரு பெத்த புள்ளையோ," என்று, தன் பிள்ளைக்காக வந்திருந்த ரோசலின் காதோரம் கிசுகிசுத்தாள். "இப்படி ஒருத்தி கையில வளரணும்னா, அந்தத் தாய்க்காரி குடுத்து வச்சவதான், என்னட்டி?"

"ஆமாட்டி," என்றாள் மாரி.

முடிவில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் விட்டிருந்த கனி ஓடிவந்து, காலடியில் உட்கார்ந்து, கழன்ற செருப்பை மாட்டத் தொடங்கினாள். மாரி அவளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பெயர். முகவரி. பணி: தாதி. பணி நேரம்: நாளொன்றுக்கு எட்டு மணி. கடைசிக் கேள்வி, மீதி நேரத்தில் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பது.

வரிசையில் முன்னால் நின்ற பெண்களின் படிவங்கள் மேசையில் விரிந்து கிடந்தன. அந்தக் கட்டத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். மாரிக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

கனி வாரை மாட்டி முடிக்கும்வரை அசையாமல் காத்திருந்துவிட்டு, குனிந்து எழுதினாள்.

'சும்மாதான் இருக்கிறேன்.'